பரிணாமப் பாடத்தில் சான்று முதலில் வரட்டும்: பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

பாடத்திட்டக் குழுவினருக்கும், உயிரியல் பாடநூல் எழுதுவோருக்கும், அந்த நூலை வகுப்பில் நடத்தும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

பரிணாமப் பாடத்தை முடித்த மாணவரிடம் இயற்கைத் தேர்வு என்றால் என்ன என்று கேட்டால் வரையறையைச் சொல்லிவிடுவார். அது நடந்தது என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. வந்தாலும் "டார்வின் சொன்னார்" என்றுதான் வரும். ஒளிச்சேர்க்கையை நடத்தும்போது இலையை ஆல்கஹாலில் சூடாக்கிப் பச்சையத்தை நீக்கி, அயோடின் சொட்டு விட்டு, நிறம் மாறுவதைக் கண்ணால் பார்க்க வைக்கிறோம். மின்தடைப் பாடத்துக்கு மீட்டரைக் கையில் கொடுக்கிறோம். பரிணாமத்துக்கு மட்டும் முடிவை முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டு, அறிஞர் பெயர்களையும் ஆண்டுகளையும் மனப்பாடத்துக்கு விட்டுவிடுகிறோம். உயிரியலிலேயே சான்றுகள் மலையாகக் குவிந்திருக்கும் பாடம், சான்றே இல்லாத பாடம்போல நடத்தப்படுகிறது. சான்றை முதலில் மாணவர் கையில் கொடுங்கள், முடிவுக்கு அவர்களே வந்து சேரட்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை. அதை எப்படிச் செய்வது, எங்கே சறுக்கும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம்.

முதலில் சொற்கள். தமிழில் இந்தப் பாடத்துக்குப் பாதி இடையூறு நாம் எழுதும் சொற்களிலிருந்தே வருகிறது. 'பரிணாம வளர்ச்சி' என்று எழுதுகிறோம். வளர்ச்சி என்றால் சிறியது பெரியதாவது, தாழ்ந்தது உயர்வது. பரிணாமத்துக்கு அப்படியொரு திசை கிடையாது. இருண்ட குகை நீரில் வாழும் மீன்கள் பார்வையை இழந்ததும் பரிணாமம்தான். பிற உயிர்களின் குடலில் வாழும் நாடாப்புழு தன் உணவுப்பாதையையே இழந்ததும் பரிணாமம்தான். 'பரிணாமம்' என்று நிறுத்திக்கொண்டால் போதும். 'கூர்ப்பு' என்று எழுதும் மரபும் உண்டு. எதை எடுத்தாலும் 'வளர்ச்சி' என்ற ஒட்டு வேண்டாம். 'கீழ்நிலை உயிரினம்', 'மேல்நிலை உயிரினம்' என்ற பிரிப்பும் அதே குழப்பத்தைத்தான் வளர்க்கிறது.

இன்னும் ஆழமாக ஏமாற்றுவது ஒரு துணைவினை. "ஒட்டகம் பாலைவனத்துக்கு ஏற்பத் தன்னைத் தகவமைத்துக்கொண்டது." சமைத்துக்கொண்டான், உடுத்திக்கொண்டாள் என்பவற்றில் வரும் அதே 'கொள்' இங்கும் வந்து, ஒட்டகம் தேவையை உணர்ந்து தன்னைத்தானே மாற்றிக்கொண்டது என்ற படத்தை மாணவர் மனதில் வரைந்துவிடுகிறது. தனி விலங்கு பரிணமிப்பதில்லை, இனக்கூட்டம்தான் பரிணமிக்கிறது என்று அடுத்த பத்தியில் என்னதான் எழுதினாலும் அந்தப் படம் அழியாது. ஆகவே வாக்கியத்தையே மாற்றுங்கள்: "நீரிழப்பைக் கூடுதலாகத் தாங்கியவை கூடுதலாகப் பிழைத்துக் கூடுதலாகக் குட்டி ஈன்றன. தலைமுறை செல்லச் செல்ல அந்தப் பண்பு இனக்கூட்டத்தில் பெருகியது." நீளம்தான். ஆனால் இந்த நீளத்துக்குள்தான் அறிவியல் இருக்கிறது. பாடநூலின் கைப்படியை அச்சுக்கு அனுப்புமுன் ஒருவர் உட்கார்ந்து 'கொண்டது', 'கொண்டன', 'ஆவதற்காக', 'பொருட்டு' என்ற நான்கையும் மட்டும் தேடிப் பார்த்தாலே பெரும்பாலான பிழைகள் சிக்கிவிடும்.

'கொள்கை' என்பதும் சிக்கலான சொல். கட்சிக்கும் கொள்கை உண்டு, தனிமனிதருக்கும் கொள்கை உண்டு. 'பரிணாமக் கொள்கை' என்று படித்த மாணவர், அது யாரோ ஒருவர் பிடித்துக்கொண்டிருக்கும் நிலைப்பாடு என்று நினைப்பதில் வியப்பில்லை. 'கோட்பாடு' என்று எழுதி, நோய்களைப் பற்றிய கிருமிக் கோட்பாடும் அணுக் கோட்பாடும் எந்தப் பொருளில் கோட்பாடுகளோ அதே பொருளில்தான் இதுவும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். 'குரங்கிலிருந்து மனிதன்' என்பதற்கு வேர் 'குரங்கு' என்ற சொல்லே. வாலுள்ளவற்றுக்கும் வாலில்லாதவற்றுக்கும், இன்று வாழ்பவற்றுக்கும் என்றோ மறைந்தவற்றுக்கும் அந்த ஒரே பெயரைத்தான் சொல்கிறோம். இன்றைய சிம்பன்சி நமக்குப் பாட்டனல்ல, பங்காளி. இரு கிளைகளுக்கும் பொதுவான மூதாதை ஏறத்தாழ 60 முதல் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது.

அடுத்து, ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து. லாமார்க் சொன்னது ஒரு படம், டார்வின் சொன்னது ஒரு படம் என்று இரண்டு பக்கம் செலவிடுகிறோம். இரண்டு படங்களிலும் சான்று எதுவும் இல்லை. கழுத்தை விட்டுவிட்டு, அதற்குள் ஓடும் ஒரு நரம்பைக் காட்டுங்கள். மூளையிலிருந்து குரல்வளைக்குச் செல்லும் நரம்புக் கிளை ஒன்று, குரல்வளையைத் தாண்டி மார்புக்குள் இறங்கி, இதயத்தருகே பெருந்தமனியின் வளைவைச் சுற்றி, மீண்டும் மேலேறிக் குரல்வளையை அடைகிறது. இது இடப்பக்க நரம்பின் பாதை. நம் உடலிலும் அப்படித்தான். ஒட்டகச்சிவிங்கியில் இந்தச் சுற்றுவழி 4 மீட்டருக்கு மேல். மீனின் உடலில் இதற்கு இணையான நரம்பு செவுளுக்குச் செல்கிறது. அங்கே இதயமும் செவுளும் அருகருகே இருப்பதால், இரத்தக்குழாய்க்குப் பின்னால் போனாலும் அது நேர்வழிதான். கழுத்து நீண்டு இதயம் கீழிறங்கியபோது நரம்பு குழாயில் மாட்டியபடியே நீண்டது. புதிதாகத் திட்டமிட்டு வரைந்த உடலில் இந்தப் பாதைக்கு விளக்கமே கிடையாது. பழைய உடலைச் சிறுகச் சிறுக மாற்றி வந்த வரலாற்றில் விளக்கம் தானாகக் கிடைக்கிறது. வகுப்பில் இதற்கு ஒரு நூல் போதும். ஒரு மாணவரின் காதருகே நூலின் ஒரு முனையைப் பிடித்து, மார்புவரை இறக்கி, ஒரு பென்சிலைச் சுற்றி, தொண்டைவரை கொண்டுவாருங்கள். பிறகு நேர்வழியில் இன்னொரு நூலைப் பிடித்து இரண்டின் நீளத்தையும் ஒப்பிடச் சொல்லுங்கள்.

இப்போது இந்த மடலில் நாங்கள் பெரிதும் வலியுறுத்தும் பயிற்சிக்கு வருகிறோம். தேவை ஏற்பட்டதால் மாற்றம் வந்ததா, மாற்றம் முன்பே இருந்து பிறகு தேர்வானதா? பரிணாமப் பாடத்தின் உயிர்முடிச்சு இந்தக் கேள்விதான். இதை 1943-இல் லூரியா, டெல்புரூக் என்ற இரு அறிவியலாளர்கள் பாக்டீரியாவையும் அதைத் தாக்கும் வைரஸையும் வைத்துத் தீர்த்தார்கள். அந்தச் சோதனையைப் பள்ளியில் செய்ய வேண்டாம். நுண்ணுயிர்க்கொல்லியை எதிர்க்கும் பாக்டீரியாவைப் பள்ளி ஆய்வகத்தில் வளர்ப்பது ஆபத்து, அப்படி எந்தச் செய்முறையையும் பாடநூலில் சேர்க்காதீர்கள். அதே தர்க்கத்தை இரண்டு பகடைக்காய்களால் முழுமையாகக் காட்டலாம்.

நாற்பது பேர் உள்ள வகுப்பை இருவர் இருவராக 20 குழுக்களாக்குங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு பகடை, ஒரு தாள். முதல் சுற்றில் மாற்றம் தற்செயலாக முன்பே நேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாளின் மேலே ஒரு செல்லை வரைந்து, அதை 2, 4, 8, 16 எனப் பிரித்துக்கொண்டே வரவேண்டும். புதிதாகத் தோன்றும் ஒவ்வொரு செல்லுக்கும் இரு பகடைகளையும் ஒருமுறை உருட்ட வேண்டும். இரண்டிலும் ஆறு விழுந்தால் அந்தச் செல் வைரஸை எதிர்க்கும் செல்லாகிவிட்டது, அதற்கு வண்ணம் தீட்டுங்கள். அதன் வழித்தோன்றல்கள் எல்லாமே எதிர்ப்புள்ளவை, அவற்றுக்குப் பகடை வேண்டாம். கடைசி வரிசையின் 16-இல் எத்தனை வண்ணம் பெற்றவை என்று எண்ணிப் பலகையில் எழுதுங்கள். இரண்டாம் சுற்றில் வைரஸ் வந்த பிறகே, அதன் தூண்டுதலால், மாற்றம் நேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிரியும்போது பகடை கிடையாது. 16 செல்கள் ஆனபின் ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை உருட்டி, கூட்டுத்தொகை 5 வந்தால் வண்ணம் தீட்டுங்கள்.

இரண்டு சுற்றிலும் சராசரி ஏறத்தாழ ஒன்றே முக்கால்தான் வரும். அப்படி வருவதற்காகவே இரட்டை ஆறும் கூட்டுத்தொகை ஐந்தும் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளன. ஆனால் எண்கள் பரவியிருக்கும் விதத்தைப் பாருங்கள். இரண்டாம் சுற்றில் பெரும்பாலான குழுக்களுக்கு 1, 2, 3 என்றே வரும். பூச்சியம் 20-இல் மூன்று குழுக்களுக்கு வரலாம், எட்டோ அதற்கு மேலோ வருவது கிட்டத்தட்ட நடக்காது. முதல் சுற்றில் எட்டு அல்லது ஒன்பது குழுக்களுக்குப் பூச்சியம் வரும். எங்கோ ஒரு குழுவுக்கு முதல் பிரிவிலேயே இரட்டை ஆறு விழுந்து, எட்டு செல்கள் ஒரேயடியாக வண்ணம் பெற்றிருக்கும். எண்களின் சிதறலை அளக்கும் பரவற்படி, இரண்டாம் சுற்றைப்போல ஏறத்தாழ மூன்றரை மடங்கு. இந்த இரு வரிசைகளும் பலகையில் இருக்கும்போதே, லூரியாவும் டெல்புரூக்கும் ஒரே மாதிரி வளர்த்த 20 குழாய்களில் கண்ட, வைரஸை எதிர்த்த பாக்டீரியாக்களின் எண்களை எழுதுங்கள்: 1, 0, 3, 0, 0, 5, 0, 5, 0, 6, 107, 0, 0, 0, 1, 0, 0, 64, 0, 35. இது எந்தச் சுற்றின் சாயலில் இருக்கிறது என்று கேட்டுவிட்டு ஆசிரியர் பேசாமல் நின்றால் போதும்.

சறுக்கும் இடங்கள் மூன்று. வண்ணம் பெற்ற செல்லின் வழித்தோன்றல்களுக்கும் பகடை உருட்டிவிடுவார்கள், முதல் இரு பிரிவுகளின்போது ஆசிரியர் சுற்றிவந்து பார்க்க வேண்டும். பத்துக்கும் குறைந்த குழுக்கள் இருந்தால் எட்டு வராமலே போகலாம், அப்போது இன்னொரு வகுப்பின் எண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, 36-இல் ஒன்று என்பது உண்மையான மாற்ற விகிதம் என்று மாணவர் எடுத்துக்கொள்வார்கள். உண்மையில் இத்தகைய மாற்றம் கோடிக்கணக்கான பிரிவுகளில் ஒருமுறை நேர்வது. பகடையில் அது வகுப்பு நேரத்துக்குள் அடங்கும்படி பெருக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.

வண்ணத் தாள் வட்டுகளை 'இரை'யாக்கி விளையாடும் பயிற்சி பல நூல்களில் ஏற்கெனவே இருக்கிறது. அதில் ஒரு பெரிய குறை உண்டு, ஒப்பீட்டுச் சுற்று இல்லை. ஐந்து நிறங்களில் ஒவ்வொன்றுக்கும் 20 வட்டுகள், ஆக 100. பூவேலை உள்ள துணியில் தூவி, 75-ஐப் பொறுக்கச் செய்து, மிஞ்சிய 25-இல் ஒவ்வொன்றுக்கும் அதே நிறத்தில் மூன்றைச் சேர்த்து மீண்டும் 100 ஆக்கி, மூன்று தலைமுறை ஓட்டுகிறோம். சரி. ஆனால் கண்ணைக் கட்டிக்கொண்டு பொறுக்கினாலும் ஒரு நிறத்தில் மிஞ்சுவது சரியாக ஐந்தாக இராது, 2 முதல் 8 வரை எதுவும் வரலாம். அதாவது ஒரு நிறத்தில் 7 மிஞ்சியதைப் பார்த்து இயற்கைத் தேர்வு என்று எழுதும் மாணவர் தவறு செய்கிறார். ஆகவே பாதிக் குழுக்கள் கண் திறந்தும் பாதி கண் கட்டியும் பொறுக்கட்டும். எல்லாக் குழுக்களிலும் ஒரே நிறம் பெருகினால் அது தேர்வு. குழுவுக்கு ஒரு நிறம் பெருகினால் அது மரபு நகர்வு, அதாவது வெறும் தற்செயலால் வரும் ஏற்றத்தாழ்வு. வட்டுகளை ஒரே துளைப்பானில், ஒரே தடிமனுள்ள தாளில் வெட்டுங்கள், இல்லையென்றால் விரல் உணர்வது நிறத்தையல்ல, தடிமனை. முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி: எந்த வட்டாவது நிறம் மாறியதா?

தொல்லுயிர் எச்சங்களை நடத்தும்போது பட்டியல் போடாதீர்கள். ஒன்றை எடுத்து, கண்டுபிடிப்பதற்கு முந்தைய நிலையிலிருந்து தொடங்குங்கள். ஏறத்தாழ 38 கோடி ஆண்டுப் பாறைகளில் சதைத்துடுப்பு மீன்கள் கிடைக்கின்றன. 36.5 கோடி ஆண்டுப் பாறைகளில் நான்கு கால்களும் விரல்களும் உள்ளவை கிடைக்கின்றன. இடைப்பட்ட உடலைத் தேட வேண்டுமானால் எங்கே தோண்டுவாய்? மாணவர் மூன்று நிபந்தனைகளுக்கு வந்து சேர வேண்டும்: இடைப்பட்ட வயதுள்ள பாறை, ஆறும் ஓடையும் படியவைத்த படிவுப் பாறை, செடிகொடி மூடாமல் திறந்து கிடக்கும் பாறை. தொல்லுயிரியலாளர்கள் நீல் ஷூபின், டெட் டேஷ்லர் குழுவினர் இந்த மூன்றையும் வரைபடத்தில் பொருத்திப் பார்த்துத்தான் கனடாவின் வடகோடிக்குப் போனார்கள். 1999 முதல் தேடி, 2004-இல் அங்குள்ள எல்ஸ்மியர் தீவில் டிக்டாலிக் என்ற விலங்கின் எச்சத்தைக் கண்டெடுத்தார்கள், 2006-இல் வெளியிட்டார்கள். 37.5 கோடி ஆண்டு. செதிலும் துடுப்பும் மீனுடையவை. தட்டைத் தலையும், தோளோடு ஒட்டாத கழுத்தும், துடுப்புக்குள் மணிக்கட்டு போன்ற எலும்புகளும் மீனில் காணாதவை. தேடும் இடத்தை முன்கூட்டியே சொல்லி, சொன்ன காலத்துப் பாறையில் கண்டெடுத்ததில்தான் இதன் வலிமை இருக்கிறது. 'விடுபட்ட கண்ணி' என்று மட்டும் எழுதாதீர்கள், நமது நேரடி மூதாதை என்றும் எழுதாதீர்கள். போலந்தில் இதைவிடப் பழைய பாறையில் நான்குகாலிகளின் தடங்கள் என்று சில அடையாளங்கள் 2010-இல் அறிவிக்கப்பட்டன, அவற்றைப் பற்றி விவாதமும் உண்டு. டிக்டாலிக் அந்த மாற்றத்தின்போது இருந்த உடலமைப்பைக் காட்டும் உறவினர். இந்தத் திருத்தத்தையும் சேர்த்துச் சொன்னால் மாணவரின் நம்பிக்கை குறையாது, கூடும்.

மனிதனைப் பற்றிய பகுதியில் மண்டையோடுகளின் வரிசையைவிட இரண்டாம் குரோமோசோம் தெளிவாகப் பேசும். சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் மூன்றுக்கும் 24 இணை குரோமோசோம்கள். நமக்கு 23. ஒரு முழு இணை தொலைந்திருந்தால் அந்த உயிர் பிழைத்திருக்காது. ஆகவே பொது மூதாதை உண்மையானால் எங்கோ இரண்டு ஒன்றாக ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டியிருந்தால் என்ன தெரிய வேண்டும்? குரோமோசோமின் இரு நுனிகளிலும் டி.என்.ஏ. எழுத்துகளில் டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி என்ற ஆறெழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வரும். அது நுனியில் இருக்க வேண்டியது, ஒட்டிய குரோமோசோமில் நடுவிலும் இருக்க வேண்டும், அதுவும் எதிரெதிராக. நடுவில் இருக்கும் இணைப்பு மையமான சென்ட்ரோமியர் ஒன்றுக்குப் பதில் இரண்டு தடயங்களாக இருக்க வேண்டும். சாயமேற்றிய குரோமோசோம்களில் தெரியும் பட்டைகளை ஒப்பிட்டதில் 1982-இலேயே இந்த இணைவு தெரிந்தது. 1991-இல் ஒட்டிய இடத்தின் எழுத்துகள் படிக்கப்பட்டன. ஓரிழையில் படித்துக்கொண்டே போனால் டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி தொடர் வந்துகொண்டிருந்து, ஓரிடத்தில் சி-சி-சி-டி-ஏ-ஏ என்று திரும்பிவிடுகிறது. இரண்டாவது சென்ட்ரோமியரின் செயலிழந்த எச்சமும் எதிர்பார்த்த இடத்தில் இருக்கிறது.

இதை வகுப்பில் செய்ய இரண்டு தாள் பட்டைகள் போதும். ஒவ்வொன்றின் இரு முனைகளிலும் அந்த ஆறெழுத்தை மும்முறை எழுதி, நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி வைத்து, முனையோடு முனை ஒட்டச் சொல்லுங்கள். இழைகளின் திசையை ஆசிரியர் முன்கூட்டியே சரிபார்க்காவிட்டால் எழுத்துகள் எதிரெதிராக வராது: இடப்பக்கப் பட்டையின் வலமுனையில் டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி, வலப்பக்கப் பட்டையின் இடமுனையில் சி-சி-சி-டி-ஏ-ஏ என்று இருக்க வேண்டும். உண்மைத் தொடரில் எழுத்துகள் இடையிடையே சிதைந்திருக்கின்றன என்பதையும் மறைக்க வேண்டாம். நுனிக்குரிய பணி அங்கே இல்லாததால் பிழைகள் சேர்ந்துவிட்டன, லட்சக்கணக்கான ஆண்டுகளில் அப்படித்தான் ஆகும்.

டி.என்.ஏ. ஒப்பீட்டை அறிமுகப்படுத்தத் தமிழ் மாணவருக்கு ஏட்டுச்சுவடியைவிட நல்ல உவமை இல்லை. ஒரு சுவடியைப் பார்த்து இன்னொன்று எழுதும்போது பிழை நேரும், அடுத்தவர் அந்தப் பிழையையும் சேர்த்தே எழுதுவார். ஒரே இடத்தில் ஒரே பிழை உள்ள இரு சுவடிகள் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று பதிப்பாசிரியர்கள் கணிப்பது இப்படித்தான். முப்பது சொற்கள் கொண்ட ஒரு பத்தியை எடுத்து, ஒருவர் இரண்டு பேருக்கும் அவர்கள் தலா இரண்டு பேருக்கும் படியெடுத்துக் கொடுக்கட்டும், ஒவ்வொருவரும் ஒரே ஒரு எழுத்தை மாற்றட்டும். ஏழு தாள்களையும் கலைத்து வேறு குழுவிடம் கொடுத்து வம்சாவளியை வரையச் சொல்லுங்கள். சில நேரம் இருவர் தனித்தனியாக ஒரே எழுத்தை மாற்றிவிடுவார்கள், மரம் குழம்பும். அந்தக் குழப்பத்தை அழிக்காதீர்கள், தனித்தனிக் கிளைகளில் ஒரே பண்பு தோன்றும் ஒருங்கு பரிணாமத்தை விளக்க அதுவே இடம். பிறகு வைட்டமின் சி-க்கு வாருங்கள். பெரும்பாலான பாலூட்டிகள் அதைத் தம் உடலிலேயே ஆக்குகின்றன. நமக்கும் சிம்பன்சிக்கும் மற்றக் குரங்கினங்களுக்கும் கடைசிப் படிக்கான நொதியின் மரபணு சிதைந்து கிடக்கிறது. கினிப்பன்றியிலும் அது சிதைந்துதான் இருக்கிறது, ஆனால் சிதைந்த விதம் வேறு. உறவுடையவற்றில் பொதுவான பிழைகள், உறவில்லாததில் தனிப் பிழை. சுவடிப் பயிற்சி செய்த மாணவருக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

காலத்தைப் பற்றி. பூமியின் 454 கோடி ஆண்டுகளை 45 மீட்டர் 40 சென்டிமீட்டர் கயிறாக்குங்கள், ஒரு சென்டிமீட்டர் பத்து லட்சம் ஆண்டு. இன்றைய நாளைக் குறிக்கும் முனையிலிருந்து அளந்தால் 35 மீட்டரில் நுண்ணுயிர்ப் படிவுகள், 5.39 மீட்டரில் கேம்பிரியன் காலத் தொடக்கம், 3.75 மீட்டரில் டிக்டாலிக், 66 சென்டிமீட்டரில் பெரும் டைனோசர்களின் முடிவு. நம் இனத்தின் மூன்று லட்சம் ஆண்டு மூன்று மில்லிமீட்டர். எழுத்து தோன்றி ஐயாயிரம் ஆண்டு, அது தலைமுடியின் தடிமன்கூட வராது. கயிற்றை மடித்துப் பிடித்தால் இந்தப் பயிற்சியால் பயனில்லை, வெளியே கொண்டுபோய் நீட்டுங்கள். வயதைக் கணிக்கும் முறைகளில் ஒரே ஒரு திருத்தம்: தொல்லுயிர் என்றாலே கார்பன்-14 என்று எழுதுவதை நிறுத்துங்கள். அதன் அரை ஆயுள் 5,730 ஆண்டு, ஐம்பதாயிரம் ஆண்டுக்கு அப்பால் அளக்க எதுவும் மிஞ்சாது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு யுரேனியம், பொட்டாசியம் போன்றவை. அவையும் பெரும்பாலும் எலும்பை அளப்பதில்லை, எலும்புக்கு மேலும் கீழும் உள்ள எரிமலைச் சாம்பல் அடுக்கை அளக்கின்றன.

கண்முன் நடந்து அளக்கப்பட்ட தேர்வுக்கு, கலாபகசுத் தீவுக்கூட்டத்தின் டாப்னி மேஜர் தீவில் பீட்டர் கிரான்ட், ரோஸ்மேரி கிரான்ட் இருவரும் செய்த பணியைச் சேர்க்க வேண்டும். 1977-இன் வறட்சியில் சிறு விதைகள் தீர்ந்து, நெருஞ்சி இனத்தின் கடினமான முள்விதைகளே மிஞ்சின. நடுத்தரத் தரைக்குருவிகளில் ஏறத்தாழ 85 விழுக்காடு மடிந்தன. பிழைத்தவற்றின் அலகுத் தடிமன் சராசரியாக அரை மில்லிமீட்டர் கூடுதல், அவற்றின் குஞ்சுகளுக்கும் தடித்த அலகு. 1983-இன் பெருமழைக்குப் பின் சிறுவிதைகள் பெருகியதும் தேர்வு எதிர்த்திசைக்குத் திரும்பியது. பரிணாமத்துக்கு இலக்கு இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. டார்வினின் பயணத்தைப் பற்றி நாம் எழுதும் அரைப்பக்கத்தைவிட இந்த அளவீடுகளுக்கு மதிப்பு அதிகம்.

படங்களைப் பற்றிச் சுருக்கமாக. குனிந்த குரங்கு நிமிர்ந்து மனிதனாகும் வரிசைப்படத்தை நீக்குங்கள், அங்கே கிளைவிட்ட மரம் வரட்டும். ஹெக்கல் வரைந்த கருவளர்ச்சிப் படங்கள் ஒற்றுமையை மிகைப்படுத்தியவை, இன்றைய புகைப்படங்கள் இருக்கும்போது அவை எதற்கு? குதிரையின் நேர்கோட்டு வரிசையும் அப்படியே, அது உண்மையில் புதர்போலக் கிளைத்தது. எச்ச உறுப்புகளைப் 'பயனற்றவை' என்று வரையறுக்காதீர்கள். 'முதற்பணியை இழந்தவை அல்லது குறுக்கியவை' என்பதே சரி, இல்லையென்றால் குடல்வாலுக்கு ஏதோ பணி இருக்கிறது என்ற செய்தி வந்தவுடன் மாணவருக்குப் பாடமே பொய்யாகிவிடும். புகை படிந்த மரங்களில் மறைந்து பறவைகளிடமிருந்து தப்பிய கரிய அந்துப்பூச்சிகளை, அதாவது கரும்பூச்சிகளை, இயற்கைத் தேர்வுக்குக் காட்டாகத் தரும் படம் செத்த பூச்சிகளைப் பொருத்தி எடுத்தது என்று சிலர் எதிர்வாதம் செய்வார்கள். படத்துக்குக் கீழே அதை நாமே எழுதிவிட்டு, ஆய்வாளர் மைக்கேல் மஜீரஸ் கேம்பிரிட்ஜில் 2001 முதல் 2007 வரை 4,864 உயிருள்ள பூச்சிகளை விட்டுப் பார்த்ததையும், தூய்மையான சூழலில் கரும்பூச்சிகளே கூடுதலாகப் பறவைகளுக்கு இரையானதையும் சேருங்கள்.

சமய நம்பிக்கை சார்ந்த தயக்கம் எழும் வகுப்பில் ஆசிரியர் தவிர்க்க வேண்டிய கேள்வி "நீ இதை நம்புகிறாயா?" என்பது. மாணவரின் நம்பிக்கை மதிப்பெண்ணுக்கு உரியதல்ல. "இந்தச் சான்று எதைக் காட்டுகிறது, வேறு எப்படி விளக்கலாம், அந்த விளக்கத்தை எப்படிச் சோதிப்பாய்?" என்று கேளுங்கள். பட்டிமன்றம் வைக்காதீர்கள். இரு அணி பிரித்துக் கைதட்டலால் தீர்மானிக்கும் கேள்வியல்ல இது. இறைநம்பிக்கையுடைய அறிவியலாளர் பலர் பரிணாமத்தை ஏற்றே ஆய்வு செய்கிறார்கள் என்ற ஒரு வாக்கியம் பல மாணவரின் இறுக்கத்தைத் தளர்த்தும். கேலி மட்டும் கூடவே கூடாது. கேலிக்கு ஆளான மாணவர் தாளில் நாம் விரும்பும் விடையை எழுதிவிட்டு, வாழ்நாள் முழுக்க அதை நம்பாமல் இருப்பார்.

தேர்வு வினாத்தாள் மாறாமல் இவற்றில் எதுவும் நடக்காது. "இயற்கைத் தேர்வை வரையறு" என்ற கேள்வியை எடுத்துவிட்டு, தரவைக் கொடுத்துக் கேளுங்கள். ஒரு மாதிரி: சைட்டோகுரோம் சி என்ற புரதத்தில் மனிதனுக்கு 104 அமினோ அமிலங்கள். சிம்பன்சியோடு ஒப்பிட்டால் வேறுபாடு 0, ரீசஸ் குரங்கோடு 1, குதிரையோடு 12, ஈஸ்ட்டோடு 40-க்கு மேல். கிளைமரம் வரை (2 மதிப்பெண்). வேறுபாடு 0 என்பதால் மனிதனும் சிம்பன்சியும் ஒரே இனம் என்று ஒருவர் சொன்னால் என்ன பதில் சொல்வாய் (3 மதிப்பெண்)? இரண்டாவது கேள்விக்கு, ஒரே ஒரு புரதம் எல்லாவற்றையும் சொல்லாது, மெதுவாக மாறும் புரதம் நெருங்கிய உறவுகளைப் பிரித்துக் காட்டாது என்ற இரண்டில் ஒன்றையாவது காரணத்தோடு எழுதினால் முழு மதிப்பெண். இன்னொன்று: "கொசுக்கள் மருந்துக்குப் பழகி எதிர்ப்பை வளர்த்துக்கொண்டன" என்ற வாக்கியத்தில் உள்ள பிழையைச் சுட்டி, திருத்தி எழுது.

கடைசியாக, பாடத்தின் இடம். ஆண்டுக் கடைசியில் வைக்கப்படும் பாடம் தேர்வு நெருங்கும் அவசரத்தில் இரண்டு வேளையில் முடிக்கப்படும். மரபியல் முடிந்தவுடனே இதை வையுங்கள், மாற்றமும் மரபுவழிக் கடத்தலும் அப்போதுதான் நினைவில் பசுமையாக இருக்கும். பன்னிரண்டு பாடவேளைகள் வேண்டும்: பகடைக்கு இரண்டு, வட்டுகளுக்கு இரண்டு, சுவடிக்கும் வைட்டமினுக்கும் இரண்டு, குரோமோசோமுக்கு ஒன்று, கயிற்றுக்கும் காலக்கணிப்புக்கும் ஒன்று, டிக்டாலிக்குக்கு ஒன்று, குருவிக்கும் பூச்சிக்கும் ஒன்று, மிச்சம் இரண்டும் மாணவர் கேள்விகளுக்கு. பன்னிரண்டு கிடைக்காவிட்டால் கயிற்றையும் வட்டுகளையும் விடுங்கள். பகடையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உயிரியலைக் கற்பித்தும் ஆய்ந்தும் வருவோர்